தோண்டாமல் விட்ட ஆழம்

திட்டமிடல் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நிலைபேறான அபிவிருத்தி பற்றிப் பேசச்சொல்லி என்னை அழைத்தார்கள். எனக்கு முன் பேசியவர் திரையில் மூன்று வட்டங்களைக் காட்டினார். ஒன்று பொருளாதாரம், ஒன்று மக்கள், ஒன்று சுற்றாடல். மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகிற நடுவிடத்துக்குப் பச்சை நிறம் பூசியிருந்தது. அங்கேதான் நாம் நிற்க வேண்டுமாம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் படத்தைப் பார்த்து வருகிறேன். அப்போது அந்த நடுவிடம் மஞ்சளாக இருந்தது. வேறு மாற்றம் ஒன்றையும் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு முழு வேலைநாள் நின்ற உத்தியோகத்தர் எவரையும் நான் சந்தித்ததில்லை. நான் நிற்கப் பார்த்த போதெல்லாம் யாராவது ஒருவர் என்னோடு கோபமாக இருந்தார்.

அதனால் வட்டங்களை விட்டுவிடுகிறேன். திட்ட முன்மொழிவு எழுதுவது, மதிப்பீடு செய்வது எல்லாவற்றையும் கந்தோரில் சொல்லித் தருவார்கள். அவற்றைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிற கதை. ஆனால் எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தது அந்த எரிச்சல்தான்.

உரும்பிராய்க்குக் கிழக்கே, செம்மண் தோட்டங்கள் முடிந்து, பயிர் ஏறாத உப்பு வெளியான தரவை தொடங்குகிற எல்லையில் இருக்கிறது அந்த ஊர். பெயர் வேண்டாம். அங்குள்ளவர்கள் இன்னும் என்னோடு பேசுகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஊரின் மேற்குப் பக்கம் சற்று மேடு. நல்ல மண், பெரிய தோட்டங்கள். கிழக்கே இறங்க இறங்க மண் வெளுத்து, காணிகள் சிறுத்து, கடைசியில் தரவையும் அதற்கப்பால் கடல்நீரேரியும் வரும்.

நான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகிப் போனபோது அங்கே ஒரு வெங்காயத் திட்டம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்பிருந்தவர் தொடங்கியது. தோட்டக்காரர்களுக்கு மானியத்தில் மின்மோட்டர், குழாய், விதை வெங்காயம். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் திட்டம் பலருக்கு உண்மையாகவே நன்மை செய்திருந்தது. அரைகுறையாகக் கிடந்த வீடுகளுக்குக் கூரை ஏறியிருந்தது. வெளிநாட்டுக்குப் போக முகவரைத் தேடித் திரிந்த பெடியங்கள் சிலர் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் உங்களில் இருந்தால், முதலில் அந்த வீடுகளைப் போய்ப் பாருங்கள்.

அந்தத் திட்டத்தின் பெருமைக்குரிய கமக்காரர் செல்வராசா. மேட்டுப் பக்கத்தில் பெரிய தோட்டம் அவருடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். போர்க்காலத்தில் இடம் மாறி இடம் மாறி, கடைசியில் திரும்பி வந்தபோது அவருடைய காணியில் பற்றையும் இடிந்த சுவரும்தான் இருந்தன. பற்றையை வெட்டி, கிணற்றைத் துப்புரவாக்கி, ஒவ்வொரு பாத்தியாகத் திருப்பி எடுத்தார். மோட்டர் கிடைத்த பிறகுதான் மூத்த மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிந்தது என்று என்னிடம் சொன்னார். தலைநகரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் கந்தோர் அவர்களை அவருடைய தோட்டத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். அவரும் அலுக்காமல் நின்று படம் எடுக்கக் கொடுப்பார்.

முதல் வாரம் நான் வீடு வீடாகப் போனேன். மேட்டுப் பக்கத்து வீடுகளில் தேத்தண்ணி தந்தார்கள். கீழ்ப்பக்கம் இறங்கியதும் எல்லா வீடுகளிலும் சோடா. கடையில் வாங்கிய, நிறம் போட்ட, இனிப்பான சோடா. எனக்குச் சீனி வருத்தம். இரண்டு வீடுகளில் மரியாதைக்குக் குடித்தேன். மூன்றாவது வீட்டில் பொறுமை போய்விட்டது. அது தவமணியின் வீடு. கணவரை இழந்தவர். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். சின்னக் காணி, வீட்டோடு ஒரு கிணறு. செல்வராசாவின் தோட்டத்தில் களை பிடுங்கவும் வெங்காயம் கிண்டவும் கூலிக்குப் போகிறவர்.

"எனக்குச் சீனி வருத்தம் தங்கச்சி. ஒரு வெறும் தேத்தண்ணி தந்தால் காணும்" என்றேன்.

அவர் போத்தலைத் திறக்காமல் மேசையில் வைத்தார். "தேத்தண்ணி போடலாம் மிஸ். குடிக்கத்தான் ஏலாது. கிணறு உப்பாப் போச்சு. வாற ஆக்களுக்கு அதைக் குடுக்க வெக்கமாக் கிடக்கு."

எப்போதிருந்து என்று கேட்டேன். மேட்டில் மோட்டர்கள் ஓடத் தொடங்கிய அடுத்த கோடையிலிருந்து என்றார். யாரிடமும் முறையிடவில்லையா என்று கேட்டேன். முறையிட்டார்களாம். அதற்குப் பதிலாக ஒழுங்கை முடக்கில், சந்து திரும்புகிற இடத்தில், ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி வைத்துக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் லொறி, பவுசர், வந்து நிரப்பும். பவுசர் வராத நாளில் கடையில் போத்தல் தண்ணீர் வாங்குவார்கள்.

கந்தோருக்குத் திரும்பி அந்தப் பிரிவின் முன்னேற்ற அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தாங்கி அதில் இருந்தது. புதிய குடிநீர் வசதி என்ற தலைப்பின் கீழ் பெருமையாக இருந்தது. பவுசர் ஓட்டுநருக்குக் கிடைத்த வேலை, தாங்கியை வைத்த ஒப்பந்தகாரரின் வேலை, எல்லாமே நன்மைகளாக எழுதப்பட்டிருந்தன. கொஞ்சம் நின்று யோசியுங்கள். தவமணியின் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தபோது அவர் வாளியை விட்டு அள்ளிக் குடித்தார். அது எங்கள் அறிக்கை எதிலும் இல்லை. அந்தத் தண்ணீர் கெட்ட பிறகு தாங்கி வந்தது, பவுசர் வந்தது, கடையில் போத்தல் விற்றது. எல்லாம் அறிக்கைக்குள் வந்துவிட்டன. ஒரு பெண்ணின் கிணறு பாழானதால் எங்கள் பிரிவு முன்னேறியிருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அப்படித்தான் எழுத வேண்டும், படிவம் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

நிலத்தடி நீரைப் பற்றி முறையாகப் படித்த ஒருவர் வேறு திணைக்களத்தில் இருந்தார். அவரைத் தேடிப் போனேன். சலித்துப்போன மனிதர். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது, மலை கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, நாம் குடிப்பதும் இறைப்பதும் அந்த மிதக்கிற தண்ணீரைத்தான் என்று விளக்கினார். மேலாக, மெல்ல ஆறுதலாக அள்ளினால் நல்ல தண்ணீர். ஆழத்துக்குப் போய் வேகமாக இழுத்தால் அடியில் இருப்பது மேலே வரும். முதலில் தரவைப் பக்கத்துக் கிணறுகள் போகும், பிறகு மேட்டுக் கிணறுகள். இதையே ஆண்டுதோறும் எழுதி அனுப்புகிறாராம். யாராவது வாசித்ததாகத் தெரிந்தால் தனக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாரி பொய்த்தது. மழை பேருக்குப் பெய்துவிட்டுப் போய்விட்டது. கோடையில் சோழகக் காற்று வீசத் தொடங்கியபோது மேட்டுக் கிணறுகளிலும் உப்புக் கரிப்புத் தட்டியது. வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து கருகின. பயிர் நிலத்தில் நிற்கிறது, தண்ணீர் கைவிடுகிறது. இந்த நிலையில் ஒரு கமக்காரருக்கு முதலில் என்ன தோன்றும்? கிணற்றை ஆழமாக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அவர்களுடைய அப்பனும் பாட்டனும் அதைத்தான் செய்தார்கள். கையால் தோண்டிய காலத்தில் அது சரியாகவும் இருந்தது.

கெட்ட காலத்துக்கு, எங்கள் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கிணறு ஆழமாக்குவதற்கென்றே மானியம் ஒதுக்கப்பட்டிருந்தது. கிணற்றின் அடியில் துளை போட்டுக் குழாய் இறக்கலாம். நான் பரிந்துரைத்துக் கையெழுத்து வைத்தால் போதும், இயந்திரம் ஊருக்குள் வந்துவிடும்.

எங்கள் பணிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். அவர் கெட்டவர் அல்ல. காலையில் எல்லோருக்கும் முன் வந்து, மாலையில் கடைசியாகப் போகிறவர். ஆனால் அவருக்கு மேலே இருந்தவர்கள் நாள்தோறும் அவரைக் குடைந்தார்கள். கமக்காரர்கள் கேட்கிறார்கள், பணம் இருக்கிறது, ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், ஏன் மறித்துக்கொண்டு நிற்கிறீர் என்று கேட்டார். ஆழமாக்கினால் இருக்கிற நல்ல தண்ணீரும் போய்விடும் என்றேன். அதற்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டார், அந்த அளவுக்கு நியாயமானவர். மேட்டுக்காரர்கள் முறை வைத்து, பாதி பாத்திகளுக்கு மட்டும் இறைத்தால் பயிரில் ஒரு பகுதியையும் கிணறுகளையும் காப்பாற்றலாம்; விட்ட பாத்திகளுக்கு இந்த மானியத்திலிருந்து நட்டஈடு கொடுக்கலாம் என்றேன்.

அவர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "தோண்டினால் குடுக்கலாம். தோண்டாமல் இருக்கிறதுக்கு என்னவெண்டு எழுதிக் குடுக்கிறது?"

விதி அப்படித்தான் இருந்தது. சொத்து ஒன்று உருவானால்தான் மானியம். குழி ஒரு சொத்து. ஊரையே அழிக்கிற குழி என்றாலும் சொத்துத்தான். குழி தோண்டாமல் காப்பாற்றப்பட்ட தண்ணீர் சொத்து அல்ல. நீங்கள் இந்த வேலையில் இருக்கும் காலம் முழுவதும் இந்தச் சுவரில் முட்டுவீர்கள். அதை முதல் நாளே தெரிந்துகொண்டு முட்டினால் தலை கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. மறுத்தும் எழுதவில்லை. மறுத்து எழுதினால் அன்றே கோப்பை என்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் நீர்ப் பரிசோதனை முடிந்த பிறகே பரிந்துரைக்கலாம் என்று ஒரு நிபந்தனை ஏற்கெனவே சுற்றுநிருபத்தில் இருந்தது. யாரும் அதைப் பின்பற்றுவதில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டது அவகாசம். நெருக்கடியில் உங்களிடம் எல்லோரும் ஓமா இல்லையா என்று கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் முறையான ஒரு வழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பிறகு சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தேன். உப்புத் தண்ணீர் மேலே வருவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். படம் கூட வரைந்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வராசா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கு மழை பெய்தாலும் பெய்யாட்டிலும் மாதம் முடியச் சம்பளம் வரும் மிஸ். எங்களுக்கு உந்தத் தோட்டம் ஒண்டுதான். நாங்கள் முன்னுக்கு வந்தால் படம் எடுக்க வாறியள். தண்ணி இல்லையெண்டால் இறைக்க வேண்டாமெண்டு சொல்ல வாறியள்."

கூட்டம் அத்தோடு கலைந்தது. அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், அவருக்கு வெங்காயத்தோடு ஒரு தொடர்பும் இல்லை. இப்படி ஒரு சொல் உங்கள் மேல் விழுகிற நாள் வரும். அன்று திருப்பிச் சொல்ல வாய் உன்னும். சொல்லாதீர்கள். நியாயமான கோபத்துக்குக் கெட்டிக்காரத்தனமாக மறுமொழி சொன்னால் அந்த ஊருக்குள் பிறகு கால் வைக்க முடியாது.

அடுத்த கிழமை காலையில் தவமணி தொலைபேசியில் அழைத்தார். செல்வராசாவின் தோட்டத்துக்கு லொறியில் துளை போடுகிற இயந்திரம் வந்திருக்கிறது என்றார். மானியத்துக்குக் காத்திராமல் தன் செலவிலேயே பிடித்திருக்கிறார். ஏன் எனக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. வந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

போனேன். போகிற வழியில் செல்வராசாவின் பக்கத்துத் தோட்டக்காரரைக் கண்டு இறங்கிக் கதைத்தேன். செல்வராசா துளை போட்டால் தானும் நாளைக்குப் போடுவேன் என்றார். போட விருப்பமா என்று கேட்டேன். விருப்பமில்லை, ஆனால் அவர் ஆழத்திலிருந்து இழுக்கும்போது தான் பார்த்துக்கொண்டிருந்தால் தன்னுடைய கிணறு வற்றிவிடும் என்றார். அவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டேன்.

தோட்டத்தில் இயந்திரத்தை இறக்கிக் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். இயக்குகிறவர் நேரம் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். தவமணியும் இன்னும் சில பெண்களும் கருகின பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாத்தியில் ஏன் களை பிடுங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. செல்வராசா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். அவரைத் தடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவருடைய காணி, அவருடைய கிணறு, அவருடைய காசு. அது அவருக்கும் தெரியும்.

"பயிர் சாகுது மிஸ். நான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறதே?" என்றார். "நான் போடாட்டில் உவன் போடுவான்."

பக்கத்துத் தோட்டக்காரர் என் பின்னால்தான் நின்றார். அவர் உடனே, "அண்ணை, நீங்கள் போடுவியள் எண்டுதான் நான் போடப்போறன்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் செய்தது ஒன்றுதான்: மேட்டுக் கிணற்றுக்காரர்களில் மற்றவர்களையும் கூப்பிடச் சொன்னேன். அதிகம் பேர் இல்லை. ஒவ்வொருவராக வந்து கிணற்றடி வேம்பின் கீழ் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டேன். மற்றவர்கள் போடாவிட்டால் நீங்கள் போடுவீர்களா? ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் மற்றவர் மேல்தான் பயம். உப்புத் தண்ணீரைப் பற்றி நான் கூட்டத்தில் வரைந்த படத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. அதை முன்பே கேட்டிருக்கலாம். கூட்டத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பேச்சு மெல்ல முறை வைப்பதைப் பற்றித் திரும்பியது. யார் எந்த நாள் இறைப்பது, எத்தனை பாத்தியை விடுவது. ஏமாற்றினால் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். வாய்க்காலைப் பார்த்தால் தெரியுமே என்றார் இன்னொருவர். ஈர வாய்க்காலை ஒளிக்க முடியாது. இணக்கம் வருகிறது என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி. அப்போதுதான் தவமணி பாத்தியிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ரை கிணறு போனபோது ஒருத்தரும் கூட்டம் வைக்கேல்லை" என்றார். கையிலிருந்த களையைக் கீழே போட்டார். "இப்ப உங்கடை கிணறு கரிக்குதெண்டவுடனை மிஸ் வந்திட்டா, மெசின் வந்திட்டுது, எல்லாரும் நிழலிலை நிண்டு கதைக்கிறியள். சரி, கதையுங்கோ. ஆனால் பாதித் தோட்டத்தை விட்டால் எங்களுக்குப் பாதி வேலைதான். அதையும் சேர்த்துக் கதையுங்கோ."

நான் கிணற்றைப் பற்றி யோசித்தேன், பயிரைப் பற்றி யோசித்தேன், கமக்காரரைப் பற்றியும் யோசித்தேன். களை பிடுங்குகிற பெண்களின் கூலி எனக்கு நினைவுக்கே வரவில்லை. மோட்டர் ஓடினால் தவமணிக்குத் தண்ணீர் இல்லை. மோட்டர் நின்றால் அவருக்கு வேலை இல்லை. அவரைவிட இந்தத் திட்டத்தை முழுவதுமாக அனுபவித்தவர் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. காலையில் தொலைபேசியில் அழைத்தபோது அவர் ஏன் தடுமாறினார் என்பது அப்போது விளங்கியது. அவருக்கே எது வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டும் வேண்டும். யாருக்குத்தான் வேண்டாம்?

செல்வராசா வேம்பின் கீழிருந்து வெயிலுக்கு வந்தார். கருகின பாத்திகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இயந்திரத்துக்காரரிடம் போய், வந்த செலவைத் தருவதாகவும் கொண்டுபோகும்படியும் சொன்னார். தவமணியிடம், "இருக்கிற வேலையை வெளி ஆக்களுக்குக் குடுக்கமாட்டம், உங்களுக்குள்ளை பிரிச்சுச் செய்யுங்கோ" என்றார். தவமணி தலையாட்டினார். சந்தோசமாக அல்ல. அது பாதிக் கூலிக்கான வாக்குறுதிதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இயந்திரம் ஏறின லொறி அன்றே பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் துளை போட்டுக் கொடுத்தது. அது என்னுடைய பிரிவு அல்ல. அங்கிருந்த உத்தியோகத்தர் கையெழுத்து வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் ஒரு பணிப்பாளர் இருந்தார்.

எங்கள் ஊரில் அந்தப் போகம் மோசமாக முடிந்தது. மறைக்க வேண்டியதில்லை. விட்ட பாத்திகள் காய்ந்து புழுதியாயின. இறைத்த பாத்திகளில் வெங்காயம் சின்னதாக வந்தது. ஓரிருவர் முறை தப்பி இறைத்து, வாய்க்காலில் பிடிபட்டு, சண்டையும் நடந்தது. செல்வராசா மகளின் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார். என்னைத் தெருவில் கண்டால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். தவமணி விடியலில் பஸ் பிடித்து வட்டுக்கோட்டைப் பக்கம் கூலிக்குப் போனார். நான் ஒரு ஊரைக் காப்பாற்றினேன் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பக்கத்து ஊரில் அதே போகம் அமோகம். புதுத் துளைகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. லொறி லொறியாக வெங்காயம் போனது. பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு இரண்டு ஊர்களின் விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அதற்கடுத்த கோடையில் பக்கத்து ஊரின் கிணறுகள் உப்பாயின. ஒன்று இரண்டல்ல, மேடும் பள்ளமும் சேர்த்து. இன்றுவரை திரும்பவில்லை. தோட்டங்கள் தரிசாகக் கிடக்கின்றன. இனி நடந்ததைக் கேளுங்கள். அந்த ஊருக்குப் பெரிய நீர்த்தாங்கி கட்டினார்கள், குழாய் போட்டார்கள், பவுசர் வாங்கினார்கள், திறப்புவிழா வைத்தார்கள். ஆண்டு மதிப்பீட்டில் அந்த ஊர் முன்னேறிய ஊர்களில் ஒன்றாக வந்தது. என்னுடைய ஊருக்கு எதிரே இலக்கை எட்டவில்லை என்று எழுதினார்கள். மதிப்பீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன்: இங்கே கெடாமல் இருக்கிற தண்ணீரை எந்த இடத்தில் எழுதுவது? அவர் நல்ல மனிதர், தாள்களைப் புரட்டித் தேடினார். அப்படி ஓர் இடம் இல்லை என்றார். வேண்டுமென்றால் வேறு குறிப்புகள் என்ற பகுதியில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. நிலத்தடி நீர்க்காரரின் சலிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது.

அதன் பிறகு என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றுதான் கடிதத்தில் இருந்தது. தோட்டமும் கிணறும் இல்லாத ஒரு பிரிவு. அங்கேதான் அந்த மூன்று வட்டப் படத்தை அடிக்கடி பார்க்க நேர்ந்தது.

எங்கள் ஊரில் அந்த மோசமான போகத்துக்கு அடுத்த மாரி நன்றாகப் பெய்திருந்தது. மேட்டுக் கிணறுகள் முதலில் தெளிந்தன. முறை வைத்து இறைப்பதை அவர்கள் கைவிடவில்லை; திட்டியபடியே தொடர்ந்தார்கள். தவமணியின் கிணறு தெளிய இன்னும் ஒரு மாரி எடுத்தது. ஒரு நாள் செல்வராசாவே தொலைபேசியில் அழைத்தார். தெருவில் கண்டும் காணாமல் போனவர் என்ற நினைவே இல்லாதவர் போல, அந்தக் கிணற்றில் பருப்பு அவிகிறதாம் என்றார். உப்புத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு எரித்தாலும் கல்லாகவே கிடக்கும். அவிந்தால் தண்ணீர் நல்லது. ஒரு ஆய்வுகூட அறிக்கையும் எனக்கு அந்தச் செய்தியைப் போலச் சந்தோசம் தந்ததில்லை. நான் ஓய்வு பெற்றது அதற்குச் சில காலம் கழித்து.

இத்தோடு நான் பேச்சை முடித்திருக்கலாம். கடந்த மாதம் செல்வராசா மறுபடியும் அழைத்திராவிட்டால் முடித்துமிருப்பேன்.

போத்தலில் தண்ணீர் அடைத்து விற்கிற ஒரு கொம்பனியின் ஆட்கள் ஊருக்கு வந்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் தண்ணீர் சரியில்லை, இங்கேதான் நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேட்டில் காணி கேட்கிறார்கள். ஆழத் துளை போட்டு இரவும் பகலும் இழுப்பார்களாம். பட்டினி கிடந்து காப்பாற்றிய தண்ணீர், அது காப்பாற்றப்பட்டதாலேயே விலைக்குப் போகப்போகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர், கிணற்றை இழந்த பக்கத்து ஊர்க்காரராக இருப்பார்கள். அதையும் வளர்ச்சியில் சேர்த்து எழுதுவார்கள்.

"நான் காணி குடுக்கமாட்டன் மிஸ்" என்றார் செல்வராசா. "ஆனால் தவமணியின்ரை மகள் அந்தக் கொம்பனியிலை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். படிச்ச பிள்ளை. வெயிலிலை நிக்காத வேலை, மாதச் சம்பளம், சேமலாப நிதி எல்லாம் இருக்காம். தவமணி என்னட்டை வந்து கேக்கிறா, அண்ணை, கொம்பனி வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

முன்பு அவர் என்னிடம் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு இப்போது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஓய்வூதியம் வருகிறது.

அந்த முதலீட்டுக் கோப்பு இப்போது கந்தோருக்கு வந்திருக்கும். உங்களில் ஒருவருடைய மேசையில் இருக்கும். எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு முதலீடு என்பதற்கெல்லாம் அதில் இடம் இருக்கும். அவகாசம் எடுங்கள். சுற்றுநிருபங்களை வாசியுங்கள். கிணற்றுக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திக் கேளுங்கள். கிணறு இல்லாதவர்களையும் கேளுங்கள். கோப்பை மூடுமுன் தவமணியின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அந்தப் பிள்ளையிடம் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதற்குப் பதிலாக என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்பதையும் கொண்டுபோங்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னிடம் ஒன்றும் இல்லை.